உள்ளங்கையில் ஒரு கீறல்

வழியில் ஏற்றிக்கொண்ட இளைஞன் வேனுக்குள் உட்கார்ந்து பழைய கசாப்புக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். மாட்டைச் சம்மட்டியால் அடித்துச் சாய்ப்பதுதான் நல்லது, புதிதாக வந்திருக்கும் காற்றுத் துப்பாக்கி சரியில்லை என்கிறான். பயணிகளில் ஒருவனான ஃபிராங்க்ளினின் பேனாக்கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பிறகு தன் உள்ளங்கையைத் தானே கீறிக்கொள்கிறான். ரத்தம் வருகிறது. அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம். சற்று நேரத்தில் தன் சவரக்கத்தியை எடுத்து ஃபிராங்க்ளினின் முன்கையிலும் ஒரு கோடு இழுக்கிறான். வேனை நிறுத்தி அவனை வெளியே தள்ளுகிறார்கள்.

டோப் ஹூப்பர் இயக்கி 1974 அக்டோபரில் வெளியான ‘தி டெக்சாஸ் செயின் சா மாசகர்’ படத்தின் முற்பகுதியில் வரும் காட்சி இது. தாத்தாவின் கல்லறையைப் பார்க்கக் கிளம்பிய ஐந்து இளைஞர்கள், பெட்ரோல் கிடைக்காத ஒரு கிராமப்புறத்தில், வேலை இழந்த கசாப்புக்காரக் குடும்பம் ஒன்றின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். கதை இவ்வளவுதான். எடிட்டிங் மேசையிலேயே காலம் தள்ளும் எனக்கு இந்தப் படத்தைவிட அதிகமாகக் கற்றுக்கொடுத்த படம் வேறு இல்லை. அந்தப் பாடத்தின் முதல் வரி உள்ளங்கையில் விழுந்த அந்தக் கீறல்.

கத்தி தோலில் இறங்குவதை நம் கண்ணெதிரே காட்டும் இடங்களைப் படத்தில் தேடிப் பாருங்கள். உள்ளங்கை. முன்கை. பின்னால், சாப்பாட்டு மேசையில், சாலி என்ற பெண்ணின் ஆள்காட்டி விரல். எல்லாம் சின்னக் காயங்கள். நம்மில் யாரும் சம்மட்டியால் அடிபட்டதில்லை, கொக்கியில் தொங்கியதில்லை. ஆனால் விரலை வெட்டிக்கொள்ளாதவர் யாரும் கிடையாது. அந்த எரிச்சல் உடம்புக்கு நினைவிருக்கிறது. உடம்புக்குத் தெரிந்த காயத்தை ஹூப்பர் நிதானமாகக் காட்டுகிறார். தெரியாத காயம் வரும்போது கேமரா வேறு எங்கோ இருக்கிறது. நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்வையாளரின் உடம்பே நிரப்பிக்கொள்கிறது. வேனிலிருந்து அந்த இளைஞனை இறக்கிவிட்ட பிறகும் ஃபிராங்க்ளின் தன் கத்தியையே பார்த்துக்கொண்டு, ஒருவனால் எப்படித் தன்னையே இப்படி வெட்டிக்கொள்ள முடியும் என்று கேட்டுக்கொண்டிருப்பான். நாம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட வசனம் அது.

இந்த வகைப் படங்களுக்கு ரத்தத்தைக் கொட்டுவதுதான் முதல் வேலை என்ற எண்ணம் ஹூப்பருக்கு முன்பே வேரூன்றியிருந்தது. ஹெர்ஷல் கோர்டன் லூயிஸ் 1963-இல் மயாமியில் ‘பிளட் ஃபீஸ்ட்’ எடுத்தார். நாக்கைப் பிடுங்கும் காட்சிக்கு ஆட்டு நாக்கு ஒன்றை வாங்கி வந்து, அதை வெளிச்சத்தில் நீட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு ‘டூ தவுசண்ட் மேனியாக்ஸ்’. ஃபுளோரிடாவில் செயின்ட் கிளவுட் என்ற சின்ன ஊரில் எடுத்தது. பொய்யான மாற்றுப்பாதைப் பலகைகளை வைத்து ஆறு பயணிகளைத் திசைதிருப்பி, ஊரே சேர்ந்து கொல்லும் கதை. வழிப்போக்கர்கள் மாட்டிக்கொள்ளும் அமெரிக்கப் படங்களுக்கு அது ஒரு முன்னோடி. லூயிஸிடம் எனக்கு மரியாதை உண்டு. கையில் இருந்த காசுக்கு, பெரிய ஸ்டுடியோக்கள் தொடத் துணியாத ஒன்றை விற்றார். ஆனால் அவர் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார். சிவப்புச் சாயம் சிவப்புச் சாயமாகவே தெரிகிறது. பார்ப்பவர் செய்வதற்கு அங்கே வேலை எதுவும் மிச்சம் இல்லை.

ஹூப்பர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர். ஆஸ்டினில் ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தார். பீட்டர், பால் அண்ட் மேரி என்ற நாட்டுப்பாடல் குழுவைப் பற்றிய ஆவணப்படம் அவருடையது. கிறிஸ்துமஸ் கூட்டத்தில் நெரிபடும் ஒரு கடையில், இரும்புச் சாமான் பகுதியில் வரிசையாக நின்ற செயின் சா எனும் ரம்பங்களைப் பார்த்தபோது இந்தக் கதை தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். விஸ்கான்சின் மாநிலத்தின் பிளைன்ஃபீல்டில் 1957-இல் பிடிபட்ட எட் கீன், கல்லறைகளைத் தோண்டி மனிதத் தோலிலும் எலும்பிலும் வீட்டுச் சாமான்கள் செய்துவைத்திருந்தவன். அந்த வீட்டின் நினைவும் சேர்ந்துகொண்டது. கிம் ஹென்கலுடன் உட்கார்ந்து திரைக்கதை எழுதினார். 1973 கோடையில், ரவுண்ட் ராக் அருகே ஒரு பழைய பண்ணைவீட்டில், ஏறக்குறைய ஒரு மாதம் படப்பிடிப்பு. செலவு 80,000 டாலரிலிருந்து 1,40,000 டாலர் வரை என்று பல கணக்குகள் உண்டு. எந்தக் கணக்கை எடுத்தாலும் அந்தக் காலத்து ஹாலிவுட் படம் ஒன்றின் விளம்பரச் செலவுக்குக்கூடப் பக்கத்தில் வராது.

காசு இல்லாததால் காட்டவில்லை என்று இந்தப் படத்தைப் பற்றிச் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். போலி ரத்தம் ஒன்றும் விலை உயர்ந்த பொருள் கிடையாது, லூயிஸே அதற்குச் சாட்சி. ஹூப்பர் ரத்தத்தைக் குறைத்ததற்குச் சொன்ன காரணம் வேறு. பெற்றோர் துணையோடு சிறுவர்களும் பார்க்கக்கூடிய பிஜி சான்றிதழ் கிடைத்துவிடும் என்று நம்பினார். கிடைக்கவில்லை. சில நிமிடங்களை வெட்டிய பிறகு ஆர் சான்றிதழ்தான் வந்தது. ஆனால் அந்த நம்பிக்கை படப்பிடிப்பின்போதே ஒவ்வொரு ஷாட்டையும் எப்படி வைப்பது என்று தீர்மானித்துவிட்டிருந்தது.

பேம் என்ற பெண்ணின் சாவை எடுத்துக்கொள்வோம். பார்த்தவர்களில் பலர், கொக்கி அவள் முதுகில் இறங்குவதைக் கண்ணால் கண்டதாகவே சொல்வார்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு ஃப்ரேம் கிடையாது. அந்தக் குடும்பத்தின் முகமூடிக்காரன் லெதர்ஃபேஸ் அவளை இடுப்போடு தூக்குகிறான். கொக்கி தெரிகிறது. உயர்த்தி, விடுகிறான். அவள் முகம், மேலே எதையோ பிடிக்கத் துழாவும் கைகள். கீழே ஒரு தொட்டி. அந்தத் தொட்டி எதற்காக அங்கே இருக்கிறது என்று யாரும் நமக்கு விளக்குவதில்லை. நமக்கே தெரியும். எதையோ ஏந்த வைத்திருக்கிறார்கள். கொக்கியைவிட அந்தத் தொட்டிதான் என்னை அதிகம் படுத்துகிறது. இதை முன்பும் செய்திருக்கிறார்கள், இனியும் செய்வார்கள், தரை அழுக்காகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் என்பதையெல்லாம் ஒரு பாத்திரம் சொல்லிவிடுகிறது.

முதுகில் இறங்கியதாக நாம் உணர்வதற்கான வேலை அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. பேம் வீட்டு முற்றத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போன நண்பன் கிர்க் திரும்பவில்லை. எழுந்து வீட்டை நோக்கி நடக்கிறாள். கேமரா ஊஞ்சல் பலகைக்கு அடியிலிருந்து கிளம்பி, தாழ்வாக, அவள் பின்னாலேயே நகர்கிறது. நடக்க நடக்க வீடு வானத்தை அடைத்துக்கொண்டு பெரிதாகிறது. ஒளிப்பதிவாளர் டேனியல் பேர்லின் பெயரை நிலைநிறுத்திய ஷாட். அழகான ஷாட் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள், சரிதான். எடிட்டர் கண்ணுக்கு இன்னொன்றும் தெரியும். அவள் போட்டிருப்பது முதுகு திறந்த மேல்சட்டை. இத்தனை நேரம் வெயிலில் நாம் பார்த்துக்கொண்டே வந்தது அந்த வெற்று முதுகை. துணி இல்லாத அந்த இடத்தை நமக்கு மனப்பாடம் செய்து கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கொக்கி வரும்போது அது எங்கே போகும் என்று காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இந்த இணைப்பைத் திட்டம் போட்டுச் செய்தார்களா, தானாக அமைந்ததா என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. மேசையில் வந்து சேர்ந்த பிறகு அது இருக்கிறது, வேலை செய்கிறது.

கொக்கிக் காட்சியில் பேமாக நடித்த டெரி மெக்மின், உடைக்குள் மறைத்துக் கட்டிய நைலான் பட்டையில் தொங்கினார். பட்டை அறுத்தது. முகத்தில் தெரியும் வலியில் ஒரு பகுதி நடிப்பு இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது, பின்னால் இதற்குத் திரும்ப வருகிறேன்.

கிர்க்கின் சாவுக்கு முன் அரை மணிநேரத்துக்கு மேல் எதுவும் நடப்பதில்லை. உண்மையில் நிறைய நடக்கிறது: வெயில், ராசிபலன், வானொலிச் செய்தி, சாலையில் செத்துக் கிடக்கும் அர்மடில்லோ, ஃபிராங்க்ளினின் புலம்பல். ஆனால் கொலை நடப்பதில்லை. பிறகு கிர்க் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறான். பன்றி கத்துவது போல ஒரு சத்தம். உள்ளே ஒரு சிவப்புச் சுவர், அதில் மாட்டிய மண்டையோடுகள். தடுக்கிய மாதிரி உள்ளே போகிறான். வாசலில் லெதர்ஃபேஸ் வந்து நிற்கிறான். சுத்தியலால் ஒரு அடி. கிர்க் விழுகிறான், உடல் துடிக்கிறது. இன்னொரு அடி. இழுத்துப் போட்டுவிட்டு இரும்புக் கதவை அறைந்து சாத்துகிறான். சில விநாடிகள். முன்னறிவிப்பு இசை கிடையாது, முகத்துக்கு நெருக்கமான ஷாட்டுகள் கிடையாது. கதவு சாத்திய பிறகுதான் அடியில் ஒரு உறுமல் கிளம்புகிறது.

நம் ஊரில் இதை வெட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சுத்தியல் உயர்வது மூன்று கோணத்தில், கிர்க்கின் கண் ஒரு டைட் க்ளோஸ், அடிக்கு முன் பின்னணி இசை ஏறி உச்சத்தில் நின்று, அடி விழும்போது ஒரு பெரிய டமார். அவ்வளவும் சேர்ந்து பார்வையாளருக்குத் தயாராக நேரம் கொடுத்துவிடும். ஹூப்பரும் அவருடைய எடிட்டர்கள் சாலி ரிச்சர்ட்சனும் லாரி கேரலும் அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. கொலையை எட்ட இருந்து, ஒரு தொழிலாளி தன் வேலையைச் செய்வதைப் பார்ப்பதுபோலப் பார்க்கவிட்டார்கள். வேனில் கேட்ட பேச்சு இங்கே வந்து பொருந்துகிறது. சம்மட்டிதான் நல்லது என்றானே, அவனுடைய குடும்பத்துக்குத் தெரிந்த தொழில் இதுதான். வாசல் வழியாக வந்தது மாடு என்றால் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்கிறார்கள். துடிக்கும் கால்களை மட்டும் அவசரமாக வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார்கள். கலித்தொகையில் ஆறலை கள்வர் வருவார்கள். கையில் பொருள் ஒன்றும் இல்லாத வழிப்போக்கரையும், உடல் துள்ளுவதைக் காண்பதற்காகவே கொல்பவர்கள். நண்பகல், வேனில், ஆள் இல்லாத வழி என்று பாலைக்குச் சொன்ன எல்லாமே டெக்சாஸின் இந்தப் படத்திலும் இருப்பதை எண்ணி வியந்திருக்கிறேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தின் வெட்டுகளைப் பேச முடியாது. கலை இயக்குநர் ராபர்ட் பர்ன்ஸ் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வண்டியோட்டிக்கொண்டு போய், செத்த மாடுகளின் எலும்புகளையும் அழுகல் நிலையில் இருந்த மிச்சங்களையும் பொறுக்கி வந்து தரையில் பரப்பினார். எலும்பில் ஒரு சாய்விருக்கை. எங்கும் இறகுகள். கூரையிலிருந்து தொங்கும் சின்னக் கூண்டை உடம்பால் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு உயிருள்ள கோழி. பேம் தடுக்கி இந்த அறைக்குள் விழுந்து கிடக்கும்போது, வெட்டுகள் திடீரென்று வேகம் எடுக்கின்றன. எலும்பு, இறகு, பல், கோழியின் கண். படத்திலேயே மிகத் தாராளமாக நமக்குக் காட்டப்படுவது இந்த அறைதான். கொலை சில விநாடிகளில் முடிகிறது, கொலைக்குப் பிறகு மிஞ்சும் பொருள்களுக்கு இவ்வளவு நேரம். ரத்தத்துக்குப் போயிருக்க வேண்டிய உழைப்பு முழுவதும் இந்த எலும்புகளுக்குப் போயிருக்கிறது. சிறு பட்ஜெட் திகில் படம் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கும் எந்தத் தயாரிப்பாளருக்கும் நான் முதலில் போட்டுக்காட்டுவது இந்த அறையைத்தான்.

இங்கே ஒரு காரணச் சங்கிலி இருக்கிறது, அதை விவரமாகச் சொல்ல ஆசை. 35 எம்.எம்.மில் எடுக்கக் காசு இல்லை, அதனால் எக்லேர் கேமராவில் 16 எம்.எம். பின்னால் அதைத் திரையரங்குக்காகப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கும்போது படத்தில் மணல்போலப் புள்ளிகள் தெரியும். அதைக் குறைக்க, வேகம் மிகக் குறைந்த நுண்மணி ஃபிலிம் வேண்டும். அப்படிப்பட்ட ஃபிலிமுக்கு ஒளி நிறையத் தேவை. வீட்டுக்குள் பெரிய விளக்குகளைக் குவித்தார்கள். வெளியே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய டெக்சாஸ் கோடை. சாப்பாட்டு மேசைக் காட்சி இரவில் நடப்பது, ஆனால் பகலிலும் எடுத்தாக வேண்டியிருந்ததால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்தார்கள். காற்று நின்றது. விளக்குச் சூட்டில் மேசையிலிருந்த இறைச்சியும் எலும்புகளும் நாறத் தொடங்கின. தாத்தாவாக நடித்த ஜான் டூகன் இருபதுகளில் இருந்த இளைஞர். அவர் முகத்தில் கிழட்டுத் தோலை ஒட்டப் பல மணிநேரம் பிடித்தது. இன்னொரு முறை அதைப் போட்டுக்கொள்ள அவர் தயாராக இல்லை. எனவே ஒரே மூச்சில் சுமார் 26 மணிநேரம் எடுத்தார்கள். நடுநடுவே ஆட்கள் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டுத் திரும்பினார்கள். காசில்லாமல் எடுத்த முதல் முடிவு, 16 எம்.எம். என்ற அந்த முடிவு, கடைசியில் நடிகர்களின் முகத்தில் வியர்வையாகவும் வெறியாகவும் வந்து நிற்கிறது. எந்த மேக்கப்பாலும் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது.

அந்தக் காட்சியில் சாலியின் விரலைக் கீறித் தாத்தாவின் வாயில் வைப்பார்கள். கத்தியின் பின்னால் ஒரு குழாய், அதிலிருந்து போலி ரத்தம் வர வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டே இருந்தது. லெதர்ஃபேஸாக நடித்த கன்னர் ஹான்சன், பொறுமை இழந்து, கத்தி முனையில் ஒட்டியிருந்த டேப்பை யாருக்கும் தெரியாமல் பிய்த்துவிட்டு, சாலியாக நடித்த மெரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே வெட்டிவிட்டார். பிற்காலத்தில் அவரே இதை வெளிப்படையாகச் சொன்னார். இதை வீரக்கதை போலச் சொல்லிச் சிலாகிக்கும் பழக்கம் திரைப்பட ரசிகர்களிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தக் காட்சி நம்மை உலுக்குவதற்கு நிஜ ரத்தம் காரணம் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. மேசையில் வைத்துப் பார்க்கும்போது என்னை நிறுத்துவது அந்த விரலின் சின்ன அளவும், பக்கத்தில் வரும் மெரிலினின் கண்ணும். கருவிழியும் அதைச் சுற்றிய சிவப்பு நரம்புகளும் திரை முழுக்க நிறையும் அளவுக்குப் பேர்ல் நெருங்கிப் போயிருக்கிறார். இவை இரண்டும் யாரையும் வெட்டாமலே கிடைக்கக்கூடியவை. ஒரு நடிகையின் விரலைப் பாதுகாக்க முடியாத படப்பிடிப்பு, என்னதான் மகத்தான படத்தைத் தந்தாலும், அந்த விஷயத்தில் பின்பற்றத் தக்கதில்லை.

மெரிலின் பர்ன்ஸைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பின்பாதி முழுவதும் அவர் ஓடுகிறார், கத்துகிறார், கட்டுண்டு கிடக்கிறார். அவர் உடையில் காய்ந்து காய்ந்து படிந்த போலி ரத்தத்தால் கடைசி நாளில் அது பலகைபோல விறைத்து நின்றது. அலறல் என்றாலே எடிட்டர்கள் பயப்படுவோம். ஒரே மாதிரியான அலறல் இரண்டாவது நிமிடத்திலேயே காதுக்குப் பழகிவிடும். அவருடைய அலறலில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். கெஞ்சல், மூச்சு வாங்கல், குரல் உடைந்து காற்று மட்டும் வருவது, கடைசியில் சிரிப்பு. அவ்வளவு பொருள் கையில் இருந்ததால்தான் அந்த மேசைக் காட்சியை அவ்வளவு நீளமாக விட முடிந்தது.

அந்த நீளமும் ஒரு தீர்மானம்தான். தாத்தாதான் அந்தக் குடும்பத்தில் கைதேர்ந்த கொலையாளி என்று பெருமையாகச் சொல்லி, அவர் கையில் சுத்தியலைக் கொடுக்கிறார்கள். சாலியின் தலையைத் தொட்டிக்கு மேலே பிடிக்கிறார்கள். மறுபடியும் தொட்டி. கிழவரின் கையில் பலமில்லை. சுத்தியல் நழுவி விழுகிறது. எடுத்துக் கொடுக்கிறார்கள். மறுபடியும் விழுகிறது. கிர்க்குக்குச் சில விநாடிகளில் முடிந்தது, இங்கே முடியவே மாட்டேன் என்கிறது. வேகமான கொலையை முதலில் வைத்து, நடக்காத கொலையைக் கடைசியில் இழுத்த இந்த வரிசையைப் பலமுறை என் வேலையில் பின்பற்ற முயன்றிருக்கிறேன்.

கொலைகாரர்கள் ஒரு குடும்பமாக இருப்பதன் பலன் இங்கேதான் தெரியும். தனி ஆள் கொலைகாரனுக்கு வீட்டு வேலை இல்லை. இவர்களுக்கு இருக்கிறது. ஜிம் சீடோ நடித்த மூத்தவர், பெட்ரோல் பங்க் நடத்திக்கொண்டு புகைபோட்ட இறைச்சி விற்பவர். சாலியைச் சாக்கில் கட்டி வண்டியில் போட்டுவிட்டு, கிளம்பும்போது நினைவு வந்து திரும்பிப் போய்க் கடை விளக்கை அணைக்கிறார், கரண்ட் செலவைப் பற்றிப் புலம்பிக்கொண்டே. இந்தப் படத்தில் என்னை மிக அதிகமாக நடுங்க வைப்பது அந்த விளக்கு அணைவதுதான். வீட்டுக்கு வந்ததும் கதவை நாசமாக்கியதற்காக லெதர்ஃபேஸைத் திட்டுவார். லெதர்ஃபேஸும் மூன்றாவது ஆளைக் கொன்ற பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொள்கிறான். இந்த ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள், இன்னும் எத்தனை பேர் என்ற குழப்பம் அவனுக்கு. முகமூடிக்குள் கண்ணும் நாக்கும் பல்லும் மட்டும் தெரியும் அந்த நெருக்கமான ஷாட்டை எடுத்து எறிந்துவிட்டால் அவன் வெறும் அசுரன். அந்த ஷாட் இருப்பதால், அவன் வீட்டுக்குள் அந்நியர்கள் நுழைந்துவிட்டார்கள் என்ற அவன் பக்கமும் தெரிகிறது. அந்தப் பாத்திரத்துக்காக ஹான்சன், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளி ஒன்றுக்குப் போய் அவர்களின் அசைவுகளைக் கவனித்து வந்தார். ஒரே சட்டை, துவைத்தால் சாயம் போய்விடும் என்பதால் மாதம் முழுக்கத் துவைக்கவே இல்லை. சாப்பிடும்போது யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

ஒலி தனிக் கட்டுரைக்கு உரியது. வழக்கமான பின்னணி இசை இந்தப் படத்தில் இல்லை. ஹூப்பரும் வேய்ன் பெல்லும் தாளக் கருவிகள், குழந்தைகளின் விளையாட்டுக் கருவிகள், கையில் கிடைத்த உலோகப் பொருள்கள் எல்லாவற்றையும் தட்டி, தேய்த்து, உரசிப் பதிவு செய்தார்கள். எது இசை, எது வீட்டின் சத்தம் என்று பிரிக்க முடியாது. பகல் முழுக்க ஜெனரேட்டரின் உறுமல், இரவு முழுக்க ரம்பத்தின் உறுமல். ரம்பம் படத்தின் பெயரில் இருந்தாலும், அதனால் கொல்லப்படுவது ஃபிராங்க்ளின் ஒருவன்தான். அதையும் இருட்டில், சக்கர நாற்காலியின் பின்பக்கமிருந்துதான் பார்க்கிறோம். மற்ற நேரமெல்லாம் ரம்பம் ஒரு சத்தம். ரம்பத்தின் பற்கள் சதையில் இறங்குவதைத் தெளிவாகக் காட்டும் ஒரே இடம் கடைசியில் வருகிறது, அது லெதர்ஃபேஸின் சொந்தத் தொடை. கால்சட்டைக்குள் இரும்புத் தகடு, அதன் மேல் ஒரு இறைச்சித் துண்டு, ரத்தப் பை. இவ்வளவு நேரம் மறைத்துவைத்த ஒன்றை, வெட்டியவன் உடம்பிலேயே காட்டி முடிக்கிறார்கள்.

படம் அமெரிக்காவில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. வாங்கி வெளியிட்ட பிரையன்ஸ்டன் நிறுவனத்திடமிருந்து, சம்பளத்துக்குப் பதில் பங்கு வாங்கிக்கொண்ட நடிகர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வந்து சேர்ந்தது சொற்பம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் படத்தின் பிரதியைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் வைத்திருக்கிறது. அந்தப் பெருமையில், எலும்பு பொறுக்கியவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ராபர்ட் பர்ன்ஸ் அடுத்து வெஸ் கிரேவனின் ‘தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்’ படத்துக்குக் கலை இயக்கம் செய்தார். பாலைவனத்தில் வண்டி பழுதாகி நிற்கும் ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பம் வேட்டையாடும் 1977-ஆம் ஆண்டுப் படம். குகையில் வாழ்ந்து வழிப்போக்கர்களைத் தின்றதாக ஸ்காட்லாந்தில் சொல்லப்படும் சானி பீன் கதையிலிருந்து கிரேவன் எடுத்துக்கொண்டது. எடிட்டிங்கும் கிரேவனே. நல்ல படம்தான், ஆனால் அதில் காயங்கள் அதிகமாகத் தெரியும், அதனால் எனக்குக் குறைவாக வலிக்கும்.

பிரிட்டனின் தணிக்கை வாரியம் ‘செயின் சா’வுக்கு 1975-இல் சான்றிதழ் மறுத்தது. எதையாவது வெட்டி அனுமதிக்கலாமா என்று பார்த்தார்கள். ஜேம்ஸ் ஃபெர்மன் வாரியத்தின் பொறுப்பில் இருந்த காலம் முழுவதும் அது முடியவில்லை. கொடூரமான ஷாட் என்று தனியாக எடுத்து வெளியே போட ஒன்றும் அகப்படவில்லை. பயம் எந்த ஒரு ஷாட்டிலும் உட்கார்ந்திருக்கவில்லை, ஷாட்டுகளுக்கு நடுவில் இருந்தது. 1999-இல்தான், ஒரு ஃப்ரேம்கூடக் குறையாமல், பெரியவர்களுக்கான சான்றிதழோடு வெளிவிட்டார்கள். கத்தரிக்கோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா என்று தெரியவில்லை. சாலி ரிச்சர்ட்சனின் பெயரை இந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

திகில் படம் எடுக்கப்போகிறோம் என்று வரும் இளம் இயக்குநர்களுக்கு என்னிடம் ஒரு பயிற்சி உண்டு. பேம் ஊஞ்சலிலிருந்து எழுவதிலிருந்து, தேடி வரும் நண்பன் ஜெர்ரி ஃப்ரீசரைத் திறந்து அவளைப் பார்ப்பது வரை உள்ள பகுதியை முதலில் படத்தை மறைத்துவிட்டு, ஒலியை மட்டும் கேட்கச் சொல்வேன். எங்கெங்கே உடம்பு சுருங்கியது என்று ஒரு தாளில் நேரத்தைக் குறிக்க வேண்டும். அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் படம் மட்டும், இன்னொரு தாள். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து. கடைசியில் ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, அந்த விநாடியில் திரையில் உண்மையாக என்ன இருந்தது என்று எழுதச் சொல்வேன். ஒரு கதவு, ஒரு தொட்டி, ஒரு முதுகு, ஒரு கோழி. அதை எழுதி முடித்த பிறகு அவர்களின் திரைக்கதையை எடுத்து வைத்துக்கொண்டு, கதாபாத்திரத்தின் விரலோ முழங்காலோ முதலில் சிராய்ப்பது எந்தக் காட்சியில் என்று கேட்பேன். அப்படி ஒரு காட்சி இல்லை என்றால் அன்று எழுதத் தொடங்குவோம். ரத்தம் எத்தனை லிட்டர் வாங்குவது என்ற பேச்சு அதற்குப் பிறகு.